மைதானத்தில் நின்ற மாணவச் சிப்பாய்

போன ஞாயிறு மகன் ஒரு படிவத்தை நீட்டினான். என்.சி.சி.யில் சேர அப்பா, அம்மா கையெழுத்து வேண்டுமாம். "பி.காம். படிக்கிறவனுக்கு எதுக்குடா துப்பாக்கி?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நானும் அதே பி.காம்., அதே என்.சி.சி. என்பது உறைத்தது. நான் போனது பரேடு முடிந்ததும் தருகிற பூரிக்கிழங்குக்காக. இவன் போவது ராணுவ அதிகாரி ஆவதற்காம்.

நாங்கள் இருப்பது கொல்கத்தா. இந்தக் கதையை இங்கிருந்தே தொடங்கலாம்.

1917. முதல் உலகப்போருக்கு ஆள் போதாமல், பல்கலைக்கழக மாணவர்களுக்கும் படைப்பிரிவு அமைத்தது வெள்ளைக்கார அரசு. ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி மாணவர் ஒருவர் ஆசையோடு போய்ச் சேர்ந்தார். பெயர் சுபாஷ் சந்திர போஸ். அதற்கு முந்தைய ஆண்டுதான் பேராசிரியர் ஓட்டன் தாக்கப்பட்ட விவகாரத்தில் பிரெசிடென்சி கல்லூரி அவரை வெளியேற்றியிருந்தது. 49வது வங்காளிப் படையில் சேரப் போனபோது கண்பார்வை சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மாணவர் படையில் இடம் கிடைத்தது. காக்கி உடுப்பு, கூடார வாசம், பிரிட்டிஷ் கேப்டனிடம் பயிற்சி என்று அந்த நாட்களைத் தன் வரலாற்றில் மிகுந்த சந்தோஷத்தோடு எழுதியிருக்கிறார்.

ஆனால் மாணவனுக்குத் துப்பாக்கி கொடுத்தார்களே தவிர, அதிகாரி பதவி கொடுக்கவில்லை. சாண்ட்ஹர்ஸ்டில் இந்தியர்களுக்கு ஆண்டுக்குப் பத்து இடம் ஒதுக்கியதே 1918-இல்தான். 1920-க்குப் பிறகு அந்தப் பிரிவு பல்கலைக்கழகப் பயிற்சிப் படையானது. அதன் பெயரில் 'அதிகாரிகள்' என்ற சொல் நுழைய இன்னொரு உலகப்போர் வரவேண்டியிருந்தது, 1942-இல். மறு ஆண்டே அந்த மாணவச் சிப்பாய் சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்துக்குத் தலைமை ஏற்றார். மலேயாத் தோட்டங்களிலிருந்து வந்த நம்மவர்கள் எத்தனையோ பேர் அதில் இருந்தார்கள். (துப்பாக்கி கொடுக்கத் தயங்கிய வெள்ளைக்காரன் விவரம் தெரிந்தவன்தான்!)

சுதந்திரத்துக்குப் பின், குன்ஸ்ரு கமிட்டி சொன்னபடி 1948-இல் என்.சி.சி. பிறந்தது. சீனப் போர் முடிந்த கையோடு 1963-இல் கல்லூரி மாணவர்களுக்கு அதைக் கட்டாயமாக்கினார்கள். 1968-இல் மறுபடி விருப்பம் இருந்தால் சேரலாம் என்றாயிற்று. அதே 1968 ஜனவரியில், அண்ணா முதல்வராக இருந்தபோது, சென்னை சட்டமன்றம் நிறைவேற்றிய மொழித் தீர்மானத்தில் என்.சி.சி.யின் இந்தி ஆணைச் சொற்களும் இடம்பெற்றன. அவை வேண்டாம் என்றது தீர்மானம். ஆனாலும் முப்பது வருடம் கழித்து நான் கற்ற முதல் இந்தி 'சாவ்தான்', 'விஷ்ராம்'. வடக்கே மாற்றலாகி வந்தபோது அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு காய்கறி வாங்க முடியவில்லை!

1917-இல் மூடியிருந்த கதவு இன்று திறந்திருக்கிறது. என்.சி.சி. 'சி' சான்றிதழில் குறைந்தது பி கிரேடு, பட்டப்படிப்பில் 50 சதவீதம் இருந்தால், எழுத்துத் தேர்வு இல்லாமலே எஸ்.எஸ்.பி. நேர்முகத்துக்கு விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கும் இடம் உண்டு. தேர்வானவர்களுக்குப் பயிற்சி நம் பரங்கிமலையில். கல்கத்தாவில் வளர்ந்த பிள்ளை அப்படியாவது தமிழ் பேசும் ஊரில் கொஞ்ச நாள் இருப்பான் என்று மனசு கணக்குப் போடுகிறது.

பேங்க்காரன் புத்தி வேறு கணக்கும் போடுகிறது. இந்த வழியில் போனால் பத்து வருடப் பணி, நீட்டித்தால் பதினான்கு. பென்ஷனுக்கு இருபது வருடம் வேண்டும். நிரந்தரப் பணி கிடைக்காவிட்டால் முப்பத்தைந்து வயதில் வேறு வேலை தேடணும். இதைச் சொன்னதும், "உங்களை மாதிரி மூணு வருஷத்துக்கு ஒரு ஊர் மாத்தல் அங்கேயும் உண்டுப்பா, எனக்குப் பழக்கம்தான்" என்றான்.

நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவன் அம்மா இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது. படிவம் சாமி அலமாரியில்.