ஸ்ரீரங்கம் 2011-2015: ஒரு தொகுதி, ஒரு முதல்வர், இரண்டு காலண்டர்கள்

திருச்சியில் காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். ஒரு பக்கம் காவிரி, மறு பக்கம் கொள்ளிடம், நடுவே தீவு. ஆனால் ஸ்ரீரங்கம் சட்டமன்றத் தொகுதி என்பது இந்தத் தீவு மட்டும் அல்ல. தென்கரையில் அந்தநல்லூர், மணிகண்டம் பக்கத்துக் கிராமங்களும் இதில்தான் வருகின்றன. கோயிலைச் சுற்றி வாழ்பவர்கள், வாழைத் தோட்டக்காரர்கள், மானாவாரி விவசாயிகள் என்று எல்லோரும் கலந்த தொகுதி.

இந்தத் தொகுதியின் பெயர் 2014-ல் இந்தியா முழுக்கச் செய்தியில் அடிபட்டது. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. பதவியில் இருந்த ஒரு முதலமைச்சர் நீதிமன்றத் தீர்ப்பால் எம்.எல்.ஏ. பதவியை இழந்தது நாட்டிலேயே அதுதான் முதல் முறை. அந்த எம்.எல்.ஏ. ஜெயலலிதா. தொகுதி ஸ்ரீரங்கம்.

வழக்கைப் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதிவிட்டார்கள். தொகுதியைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. ஒரு தலைவருக்கு நடந்தது இருக்கட்டும், அவரைத் தேர்ந்தெடுத்த ஊருக்கு என்ன நடந்தது? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஊர் ஊராக ஒரு பயணம்

முதலில் கொஞ்சம் பின்னால் போகலாம். 1984-ல் மாநிலங்களவை உறுப்பினரான ஜெயலலிதா, 1989-ல் போடிநாயக்கனூரில் ஜெயித்து முதன்முதலாகச் சட்டமன்றத்துக்குள் வந்தார். எதிர்க்கட்சித் தலைவரும் ஆனார். 1991-ல் பர்கூர், காங்கேயம் என்று இரண்டு தொகுதிகளில் நின்று இரண்டிலும் ஜெயித்தார். பர்கூரை வைத்துக்கொண்டார், முதல்வரானார். அதே பர்கூர் 1996-ல் அவரை 8,366 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தது. தோற்கடித்தவர் தி.மு.க.வின் இ.ஜி.சுகவனம்.

2001-ல் டான்சி நில வழக்கில் கிடைத்த தண்டனை குறுக்கே வந்தது. ஆண்டிப்பட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டை ஆகிய நான்கு இடங்களில் தாக்கல் செய்த வேட்புமனுக்களும் தள்ளுபடி ஆயின. கட்சி ஜெயித்ததால் எம்.எல்.ஏ. ஆகாமலேயே மே 14 அன்று முதல்வராகப் பதவியேற்றார். அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 21 அன்று தீர்ப்பளித்தது. டிசம்பரில் உயர் நீதிமன்றம் விடுதலை செய்ய, 2002 பிப்ரவரி இடைத்தேர்தலில் ஆண்டிப்பட்டியில் ஜெயித்து மீண்டும் முதல்வரானார். 2006-லும் ஆண்டிப்பட்டிதான்.

2011-ல் ஸ்ரீரங்கம். அவருடைய தாய்வழிக் குடும்பத்தின் பூர்வீகம் இந்த ஊர். அதுவரை தொகுதியின் எம்.எல்.ஏ.வாக இருந்தவர் அதே கட்சியின் மு.பரஞ்ஜோதி. அவர் ஒதுங்கிக்கொண்டார். (அவருக்கும் வழி பிறந்தது. திருச்சி மேற்கில் கே.என்.நேருவை வென்று அமைச்சரான மரியம் பிச்சை, பதவியேற்ற ஒரே வாரத்தில், 2011 மே 23 அன்று சாலை விபத்தில் இறந்தார். அக்டோபரில் நடந்த இடைத்தேர்தலில் பரஞ்ஜோதி அங்கே ஜெயித்தார்.)

ஸ்ரீரங்கத்தில் ஜெயலலிதா பெற்றது 1,05,328 வாக்குகள். தி.மு.க.வின் ஆனந்த் 63,480. வித்தியாசம் 41,848.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒன்று புரியும். தலைவர்களுக்குத் தொகுதி என்பது சட்டமன்றத்துக்குள் போகும் வாசல். ஒரு வாசல் அடைத்தால் இன்னொரு வாசல். ஆனால் வாக்காளருக்கு அப்படி இல்லை. அவருக்கு இருப்பது ஒரே தொகுதி, ஒரே ஓட்டு.

முதல்வர் தொகுதி

முதல்வர் தொகுதி என்றால் சில லாபங்கள் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. 2012 செப்டம்பரில் கோயில்களில் நாள் முழுவதும் அன்னதானம் வழங்கும் திட்டம் தொடங்கியபோது, முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட இரண்டு கோயில்கள் ஸ்ரீரங்கமும் பழனியும். நாவலூர் குட்டப்பட்டில் பெண்களுக்கான தோட்டக்கலைக் கல்லூரி வந்தது. சேதுராப்பட்டியில் அரசு பொறியியல் கல்லூரி வந்தது. வெளியூர் பக்தர்கள் தங்க யாத்ரி நிவாஸ் கட்டப்பட்டது.

இன்னொன்றும் வந்தது. 2013-ல் நாவலூர் குட்டப்பட்டில் தமிழ்நாடு தேசிய சட்டப் பள்ளி பாடம் நடத்தத் தொடங்கியது. அரசியல் சட்டம் படிக்க அந்த மாணவர்களுக்கு அடுத்த ஆண்டே சொந்தத் தொகுதியிலேயே ஒரு பாடம் கிடைத்துவிட்டது!

2014 செப்டம்பர் 27

அன்றைக்குப் பெங்களூரு தனி நீதிமன்ற நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா, சொத்துக் குவிப்பு வழக்கில் ஜெயலலிதாவுக்கு 4 ஆண்டு சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தார். 1991-96 ஆட்சிக் காலத்தைப் பற்றிய வழக்கு, 2003-ல் உச்ச நீதிமன்றத்தால் கர்நாடகாவுக்கு மாற்றப்பட்டு, தீர்ப்பு வரும்போது 2014 ஆகிவிட்டது.

தீர்ப்பு வந்த நொடியிலேயே எம்.எல்.ஏ. பதவி போய்விட்டது. ஏன்?

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன் 8-வது பிரிவு, எந்தெந்தத் தண்டனை பெற்றால் தகுதி போகும் என்று சொல்கிறது. ஆனால் அதிலேயே 8(4) என்று ஒரு உட்பிரிவு இருந்தது. ஏற்கெனவே பதவியில் இருப்பவர் தண்டிக்கப்பட்டால் அவருக்கு மூன்று மாத அவகாசம். அதற்குள் அப்பீல் போட்டுவிட்டால், அப்பீல் முடியும் வரை பதவி பத்திரம். நம் ஊர் கோர்ட்டுகளில் அப்பீல் எப்போது முடியும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குள் அடுத்த தேர்தலே வந்துவிடும்.

2013 ஜூலை 10 அன்று லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த 8(4) செல்லாது என்று அடித்துவிட்டது. சாதாரண ஆள் தண்டனை பெற்றால் தேர்தலில் நிற்கவே முடியாது, எம்.எல்.ஏ. மட்டும் தண்டனை பெற்றும் தொடரலாமா என்பது வாதம். நியாயமான வாதம்தான். அன்றைய மத்திய அரசு இதை மாற்ற ஒரு அவசரச் சட்டம் கொண்டுவரப் பார்த்தது. ராகுல் காந்தி பகிரங்கமாக எதிர்த்த பிறகு அது வாபஸ் ஆனது.

ஆக, 2013 ஜூலைக்கு முன்பு இந்தத் தீர்ப்பு வந்திருந்தால் ஸ்ரீரங்கம் எம்.எல்.ஏ. பதவி அப்படியே இருந்திருக்கும். பின்பு வந்ததால் அந்த நிமிடமே போனது.

இரண்டு காலண்டர்கள்

இதற்குப் பிறகு இரண்டு காலண்டர்கள் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்தன.

முதலாவது கோர்ட் காலண்டர். அக்டோபர் 7-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஜாமீன் மறுத்தது. அக்டோபர் 17-ல் உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. ஆனால் நிறுத்தி வைக்கப்பட்டது தண்டனைதான், குற்றவாளி என்ற தீர்ப்பு அல்ல. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் எம்.எல்.ஏ. பதவியைத் தீர்மானிக்கிறது. சிறைத் தண்டனையை நிறுத்தி வைத்தால் ஆள் வெளியே வரலாம். குற்றத் தீர்ப்பையே நிறுத்தி வைத்தால்தான் பதவி திரும்பும். டிசம்பர் 18-ல், அப்பீலை மூன்று மாதத்தில் முடியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத்துக்குச் சொன்னது.

இரண்டாவது தேர்தல் காலண்டர். ஒரு இடம் காலியானால் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 151ஏ பிரிவு. நவம்பர் 8 அன்றுதான் ஸ்ரீரங்கம் காலி என்ற அறிவிப்பு வந்தது. தீர்ப்புக்கும் அறிவிப்புக்கும் நடுவே 42 நாட்கள். 2015 ஜனவரி 12-ல் தேர்தல் தேதி அறிவிப்பு. பிப்ரவரி 13-ல் வாக்குப்பதிவு.

அமைச்சர்கள் ஸ்ரீரங்கத்தில் முகாமிட்டார்கள். 29 வேட்பாளர்கள். பிப்ரவரி 16-ல் எண்ணிக்கை. அ.தி.மு.க.வின் எஸ்.வளர்மதி 1,51,561 வாக்குகள். தி.மு.க.வின் ஆனந்த் மறுபடியும் நின்று 55,045. வித்தியாசம் 96,516! ஜெயலலிதாவே வாங்கிய வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அனுதாபமா, ஆளும் கட்சி பலமா என்று அவரவர் விருப்பப்படி வாதிடலாம். இரண்டும் இருந்திருக்கும்.

2014 செப்டம்பர் 27 முதல் 2015 பிப்ரவரி 16 வரை 142 நாட்கள் ஸ்ரீரங்கத்துக்கு எம்.எல்.ஏ. இல்லை.

இனிதான் விஷயமே. மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி சி.ஆர்.குமாரசாமி ஜெயலலிதாவை விடுதலை செய்தார். இடைத்தேர்தல் முடிவு வந்து வெறும் 84 நாள். தகுதியிழப்பு நீங்கிவிட்டது. ஆனால் போன தொகுதி திரும்ப வராது. அங்கே வேறொருவர் முறைப்படி ஜெயித்து உட்கார்ந்திருக்கிறார்.

மே 23-ல் முதல்வராகப் பதவியேற்ற ஜெயலலிதாவுக்கு ஆறு மாதத்துக்குள் ஒரு தொகுதி வேண்டும். சென்னை ஆர்.கே.நகர் எம்.எல்.ஏ. வெற்றிவேல் ராஜினாமா செய்தார். ஜூன் 27-ல் இன்னொரு இடைத்தேர்தல். தி.மு.க. புறக்கணித்தது. 1,50,722 வாக்கு வித்தியாசத்தில் வெற்றி. ஒரே காரணத்துக்காக ஐந்து மாதத்தில் இரண்டு இடைத்தேர்தல்கள்.

ஸ்ரீரங்கத்தின் "முதல்வர் தொகுதி" என்ற பெயர் அத்துடன் போயிற்று.

கூட்டல் கணக்கு

விடுதலைத் தீர்ப்பிலும் ஒரு கணக்கு இருக்கிறது. வருமானத்துக்கு மேல் 10 சதவீதம் வரை சொத்து இருந்தால் அதைக் குற்றமாகக் கொள்ள வேண்டியதில்லை என்று பழைய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று உண்டு. உயர் நீதிமன்றம் கணக்குப் போட்டு அதிகச் சொத்து 8.12 சதவீதம்தான் என்றது. அந்தக் கணக்கில் கடன்கள் வரவாகச் சேர்க்கப்பட்டிருந்தன, மொத்தம் 24.17 கோடி என்று. தீர்ப்பிலேயே இருந்த பட்டியலைக் கூட்டிப் பார்த்தால் வந்தது 10.67 கோடிதான். பதிமூன்றரை கோடி வித்தியாசம். அதைச் சரி செய்தால் 8 சதவீதம் 76 சதவீதத்துக்கு மேல் போய்விடும் என்று அரசு வழக்கறிஞர் பி.வி.ஆச்சார்யா அப்போதே சுட்டிக் காட்டினார். முதல் வருடம் அக்கவுண்ட்ஸ் படிக்கிறவர்கூட கடைசியில் ஒருமுறை கூட்டல் சரிபார்ப்பார்.

2017 பிப்ரவரி 14-ல் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து, டி'குன்ஹாவின் தீர்ப்பை மற்ற மூவர் மீதும் மீண்டும் நிலைநிறுத்தியது. ஜெயலலிதா 2016 டிசம்பர் 5-லேயே இறந்துவிட்டதால் அவர் மீதான வழக்கு அற்றுப்போனது.

பிறகு வந்தவர்களுக்கு நடந்தது

ஸ்ரீரங்கத்துக்கு நேர்ந்தது எல்லாத் தொகுதிகளுக்கும் நேரவில்லை. 2023 ஜனவரியில் லட்சத்தீவு எம்.பி. முகமது பைசல் தண்டிக்கப்பட்டார். ஒரே வாரத்தில் இடைத்தேர்தல் அறிவிக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்தி வைத்ததும் தேர்தல் நின்றது. அதே ஆண்டு மார்ச்சில் ராகுல் காந்தி வயநாடு எம்.பி. பதவியை இழந்தார். முன்பு அவசரச் சட்டத்தை எதிர்த்த அதே ராகுல் காந்திதான். இந்த முறை தேர்தல் ஆணையம் அவசரப்படவில்லை. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்தி வைக்க, பதவி திரும்பியது.

தமிழ்நாட்டிலேயே ஒரு உதாரணம் உண்டு. 2023 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அமைச்சர் பொன்முடிக்கு 3 ஆண்டு சிறை விதித்தது. 2024 மார்ச்சில் திருக்கோவிலூர் காலி என்று அறிவிப்பும் வந்தது. மார்ச் 11-ல் உச்ச நீதிமன்றம் குற்றத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. இடைத்தேர்தல் நடக்காததால் அவருக்குத் தொகுதி அப்படியே கிடைத்தது.

ஒரே சட்டம்தான். ஆனால் வயநாட்டுக்கு ஒரு முடிவு, திருக்கோவிலூருக்கு ஒரு முடிவு, ஸ்ரீரங்கத்துக்கு வேறு முடிவு. இதைத் தீர்மானித்தது யார் குற்றவாளி என்பது மட்டும் அல்ல. எந்தக் காலண்டர் முந்தியது என்பதும்தான்.

என்ன செய்யலாம்?

பழைய 8(4) திரும்ப வர வேண்டும் என்று சொல்ல முடியாது. அது இருந்திருந்தால், தண்டிக்கப்பட்டவரே தன் அப்பீலை இழுத்தடித்துக்கொண்டு பதவிக் காலம் முழுவதும் இருந்துவிடலாம். அதற்காக, ஒரு கீழ்க் கோர்ட்டின் தீர்ப்பு சரியா தவறா என்று மேலே பார்ப்பதற்குள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை மறுபடி ஓட்டுச்சாவடிக்கு அனுப்புவதும் சரியாகத் தெரியவில்லை.

நடுவழி ஒன்று இருக்கிறது. இடைத்தேர்தலுக்கு ஆறு மாதக் கெடு வைத்திருப்பது போல, பதவியில் இருப்பவரின் அப்பீலுக்கும் ஒரு கெடு வைக்கலாம். அந்த ஆறு மாதத்துக்குள் அப்பீலை முடித்துவிட்டுத் தேர்தலை அறிவிக்கலாம். ஸ்ரீரங்கம் வழக்கில் உச்ச நீதிமன்றம் வைத்த மூன்று மாதக் கெடு டிசம்பரில் வராமல் அக்டோபரிலேயே வந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். தீர்ப்பு எதுவாக இருந்தாலும் வாக்காளர் அதைத் தெரிந்துகொண்டு ஓட்டுப் போட்டிருப்பார்.

ஸ்ரீரங்கம் அதன் பிறகு தன் வழியில் போனது. 2016-ல் வளர்மதி மீண்டும் ஜெயித்து அமைச்சரானார். ஆனால் 96 ஆயிரமாக இருந்த வித்தியாசம் சுமார் 14 ஆயிரமாகக் குறைந்தது. 2021-ல் தி.மு.க.வின் பழனியாண்டி ஜெயித்தார். முதல்வர் தொகுதி என்ற பட்டம் இல்லாமலும் அந்த ஊர் மக்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுடைய ஒரு ஓட்டுக்கு ஐந்து வருடம் மதிப்பு உண்டா, அல்லது அது கோர்ட் தேதியைப் பொறுத்ததா? இதற்குச் சட்டம் இன்னும் தெளிவான பதில் சொல்லவில்லை.