திண்டுக்கல் சோதனையும் வராத பெண்களும்

காந்திகிராமம் இருக்கும் நம்ம திண்டுக்கல் மாவட்டத்துக்கு மருத்துவ வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 2000-ல் அம்பிளிக்கை மருத்துவ மையமும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பும் சேர்ந்து, கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான எளிய சோதனையை இங்குள்ள கிராமங்களில் தொடங்கின. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தைத் தடவினால் கோளாறான இடம் வெளுக்கும். பயிற்சி பெற்ற நர்ஸே பார்த்துச் சொல்லிவிடலாம். 2007-ல் வெளியான முடிவு: அழைப்பு போன ஊர்களில் இந்நோயால் இறப்பு 35% குறைவு.

ஆனால் 30 முதல் 59 வயதுவரை அழைத்த 49,311 பெண்களில் வந்தவர்கள் 31,343 பேர்தான். இளையவர்கள் அதிகம் வந்தார்கள். ஆபத்து கூடும் வயதுக்காரர்கள் குறைவு. வலியே இல்லை, எதற்குச் சோதனை என்ற எண்ணம், கூச்சம், பயம்... இதற்கெல்லாம் வினிகர் போதாது, பேச்சுதான் வேண்டும். உங்கள் வீட்டில் அம்மாவிடம் பேசியிருக்கிறீர்களா?