பி.ஆர்.சி.-77 முதுகுச்சுமை வானொலி

அமெரிக்கத் தரைப்படை வீரர்கள் முதுகில் சுமந்து சென்ற பண்பலை வானொலிக் கருவி. வியட்நாம் போர்க்காலத்தில், 1968இல் புழக்கத்துக்கு வந்தது. இதற்கு முந்தைய பி.ஆர்.சி.-25 கருவியில் அலைபரப்பும் பகுதிக்கு மட்டும் ஒரு வெற்றிடக் குழாய் இருந்தது; பி.ஆர்.சி.-77இல் அதுவும் நீங்கி, கருவி முழுக்க டிரான்சிஸ்டர்மயமானது. 30 முதல் 75.95 மெகாஹெர்ட்ஸ் வரை 920 அலைவரிசைகள். திறன் ஏறத்தாழ 2 வாட்தான்.

இதன் எல்லைக்குள்ளேயே ஹாம்கள் எனப்படும் பொழுதுபோக்கு வானொலியாளர்களின் ஆறு மீட்டர் பட்டை, அதாவது 50–54 மெகாஹெர்ட்ஸ், அமைந்திருப்பது ஆர்வலர்களுக்குக் கிடைத்த பெரும் பேறு. உரிமம் பெற்ற அமெரிக்க ஹாம்கள் உள்சுற்றில் கைவைக்காமலே இதில் பேசலாம். படைக்கால மின்கலம் கிடைக்காவிட்டால், 1.5 வோல்ட் பெரிய டார்ச் பேட்டரிகள் பத்தைத் தொடராக இணைத்து 15 வோல்ட் பெறுகிறார்கள்.

புதிய கருவியோடு பேசும்போதுதான் சிக்கல். இரைச்சல் தடுப்பை இயக்கினால், குரலோடு 150 ஹெர்ட்ஸ் தொனியும் வந்தால்தான் இதன் அலைவாங்கி வாய் திறக்கும். இன்றைய ஹாம் கருவிகளில் அதற்கு நெருக்கமாக 151.4 ஹெர்ட்ஸ் உண்டு. பெரும்பாலும் அதுவே போதும். பண்பலை விலக்கமும் இதில் அகலம் என்பதால், புதிய கருவியில் கேட்பவருக்குக் குரல் சற்றுச் சிதைந்து ஒலிக்கலாம். அதற்காக உள்ளிருக்கும் சுற்றை மாற்றுவதைவிட, பேசுகுழலை வாயிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பேசுவதே நல்லது. மாற்றாமல் மிஞ்சும் கருவிக்கே வரலாற்று மதிப்பு.