பாக்கு நீரிணைக் கப்பற் சேவையும் அதன் பயணிகளும்

கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையத்தில் இரவில் ஏறிய ஒருவர், ஒரே பயணச்சீட்டுடன் சென்னை எழும்பூரிற் சென்றிறங்கிய காலம் ஒன்றிருந்தது. இடையிற் கடந்த கடல் ஏறக்குறைய 22 மைல். தலைமன்னாரையும் தனுஷ்கோடியையும் இணைத்த இவ்வழியே ‘போட் மெயில்’ என வழங்கியது. சிதம்பர தரிசனமும் கலியாணக் கூறையும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதியோர் நினைவில் அப்பெயருடன் கலந்தே வரும். அதே கப்பலிற் சென்ற மற்றொரு கூட்டத்தாரின் நினைவு இத்தகையதன்று. அவர்களை வைத்தே இச்சேவையின் வரலாற்றை நோக்குதல் தகும்.

கோப்பிக் காலத்தில் தமிழகத்துத் தொழிலாளர் சிறு பாய்க்கப்பல்களில் மன்னார்க் கரையை அடைந்து, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். பின்னர் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு நீராவிக் கப்பல்கள் ஓடின. 1914 பெப்ரவரி 24ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் குறுகிய வழி கைகூடியது. கர்சன், எல்ஜின், ஹார்டிங் என்னும் கப்பல்களும், அவற்றின் பின் இர்வின், கோஷன் என்பனவும் சேவையில் ஈடுபட்டன. பெயர்கள் பிரபுக்களுடையவை, ஏறினோரிற் பெருந்தொகையினர் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற ஏழைகள்.

இவர்களுக்குக் கடலினும் கரையே கடிதாயிருந்தது. இந்திய மண்ணிலே, மண்டபத்தில், இலங்கை அரசாங்கம் ஒரு முகாமை நடத்தியது. தொழிலாளர் அங்கு நோய்த்தடுப்புக் கருதிச் சில நாட்கள் மறிக்கப்பட்டுச் சோதனைக்குட்பட்ட பின்னரே கப்பலேறினர். காட்டுவழி மரணங்களை அறிந்தோர் நோய்த்தடுப்பை வேண்டாததென்னார். ஆயினும் உயர் வகுப்புப் பயணிகளுக்கு இத்துணைத் தடையிருக்கவில்லை. வாந்திபேதி பயணச்சீட்டைப் பார்த்துத் தொற்றுவதன்று.

முகாமை அடுத்துத் தடையாய் வந்தது காகிதம். 1939 ஓகஸ்டில் இந்திய அரசாங்கம், தேர்ச்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதைத் தடைசெய்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அவர்களுக்கென 1949இல் இயற்றப்பட்ட இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டமோ, இடையறாத வதிவை நிரூபிக்குமாறு கேட்டது. ஓராண்டுக்கு மேற்பட்டு நாட்டைப் பிரிந்திருந்தால் அத்தொடர்ச்சி முறிந்தது. தாயின் நோயைக் காணவோ தங்கையின் மணத்துக்கோ கப்பலேறிச் சென்று தங்கிவிட்டவனுக்கு அப்பயணமே எதிர்ச்சான்றாயிற்று. ஒரு மக்கட் கூட்டம் ஊருக்குப் போய்வந்ததே குற்றமாக எண்ணப்பட்டமை இச்சேவையின் வரலாற்றில் மிகக் கொடிய பகுதியென்பது எம் கருத்து.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்பது அதன் முடிவு. இரண்டு மாதங்கூடக் கழியவில்லை. டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து அங்கு சென்ற பயணிகள் வண்டியொன்றும் அலையில் அமிழ்ந்து, அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அத்துணைப் பேரையும் இறக்கவேண்டிய துறை இல்லாதொழிந்தது.

பின்னர் இராமேசுவரம் துறையாயிற்று. ‘இராமானுஜம்’ என்னும் கப்பல் ஓடியது. மலைநாட்டு நிலையங்களிற் புறப்பட்ட வண்டியை அம்மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். முன்னோர் வேலை தேடி வந்த வழியே, பாத்திர பண்டங்களுடன், தாம் கண்டறியாத ‘தாயகத்துக்கு’ அவர்கள் அனுப்பப்பட்டனர். போர்ச்சூழலில் 1984இல் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைப் பெற்றும் கடல் கடவாது நின்றோர் பலர். 2003ஆம் ஆண்டின் சட்டமே பெரும்பாலோரின் நிலையைத் தீர்த்தது. ஒப்பந்தம் வெளியேறச் சொன்னோரிற் சிலரைக் கப்பலின்மை இந்நாட்டிலேயே நிறுத்திவிட்டது.

2011 ஜூனில் தொடங்கிய தூத்துக்குடி–கொழும்புச் சேவை அவ்வாண்டு நவம்பரிலேயே நின்றது. 2023 ஒக்டோபர் 14இல் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குத் தொடங்கிய சேவையும் சில நாட்களில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் தொடங்கியது. போரில் அழிந்த தலைமன்னார் இருப்புப்பாதை 2015 மார்ச் 14இல் மீளத் திறக்கப்பட்டது. இறங்குதுறை வரை வண்டி சென்றது; அங்கே அதற்காகக் கப்பலொன்றும் காத்திருக்கவில்லை.