மூச்சுக்குழலில் ஒரு வடு

தமிழில் 'வடு' என்னும் சொல்லுக்குத் தழும்பு, பழி என இரு பொருள்கள் உண்டு. மருத்துவ வரலாற்றில் இவ்விரு பொருள்களும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. அந்த இடம் மனிதனின் மூச்சுக்குழல்.

புற்றுநோயால் வராத மூச்சுக்குழல் சுருக்கத்தை மருத்துவர்கள் 'தீங்கற்றது' என்று வகைப்படுத்துவர். ஆனால் காற்று சீராக ஓடும் ஒரு குழலின் விட்டம் பாதியானால் தடை பதினாறு மடங்காகிறது. மூச்சுக்குத் தவிப்பவருக்கு அந்தப் பெயரால் என்ன ஆறுதல் கிடைத்துவிடும்?

இச்சுருக்கத்துக்குக் காரணங்கள் பல. சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் அவற்றுள் முதன்மை பெற்றது சிகிச்சையே. 1952இல் கோபன்ஹேகனை இளம்பிள்ளை வாதம் உலுக்கியது. பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர், நோயாளியின் கழுத்தில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர் பையை அழுத்திக் காற்றைச் செலுத்தும் வழியைக் காட்டினார். ஏறத்தாழ 1500 மாணவர்கள் இரவுபகலாக முறைவைத்துக் கையால் பையை அழுத்தினர். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவின் தொடக்கம் அதுவே.

காற்று கசியாதிருக்க அக்குழாயைச் சுற்றி ஊதப்படும் உறை ஒன்று உண்டு. அதன் அழுத்தம் மிகுந்தால் குழலின் உட்சவ்வுக்குக் குருதி செல்லாது. சவ்வு மடிந்து புண்ணாகும். புண் ஆறுகையில் தழும்பு சுருங்கிக் குழலை நெரிக்கும். பிழைத்து வீடு திரும்பியவர் சில வாரங்களில் மூச்சிரைப்புடன் வருவார்; அது ஆஸ்துமா என்று தவறாகக் கருதப்படுவதும் உண்டு. உயிர்காத்த கருவியே இந்த வடுவை விட்டுச்சென்றது என்பதை 1969இல் பாஸ்டனில் ஜோயல் கூப்பரும் ஹெர்ம்ஸ் கிரில்லோவும் தெளிவாக்கினர். குறைந்த அழுத்தத்தில் விரியும் மென்மையான உறைகள் பிறந்தன. சுருங்கிய பகுதியை வெட்டி நீக்கி முனைகளை இணைக்கும் அறுவையைச் செம்மைப்படுத்தியவரும் கிரில்லோவே.

கழுத்தை அறுக்காமல் வாய்வழியே செல்லும் பாதை அதற்கு முன்பே திறந்திருந்தது. 1897இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்கில் குஸ்டாவ் கில்லியன், ஒரு விவசாயியின் மூச்சுக்கிளையில் சிக்கிய எலும்புத்துண்டைக் குழல்நோக்கி வழியே எடுத்தார். 1970களில் லேசர் கதிர் அவ்வழியே நுழைந்தது. எனினும் தழும்பைச் சுற்றிலும் எரித்தால் புண் வளையமாகும். வளையப் புண் மீண்டும் வளையமாகவே சுருங்கும்.

1987இல் ஷாப்ஷேயும் அவருடைய குழுவினரும் வேறு வழியை எழுதிவைத்தனர். சக்கரத்தின் ஆரக்கால்களைப்போலச் சில கீறல்கள் மட்டும். அவற்றிடையே உட்சவ்வைத் தொடாமல் விட்டுவிட்டு, பின்னர் மெல்ல விரிப்பது. தீண்டாமல் விட்ட சவ்விலிருந்து புதிய சவ்வு படர்ந்து புண்ணை மூடும். 1990இல் மார்செய் நகரின் துய்மோன், வேண்டியபோது அகற்றக்கூடிய சிலிக்கோன் தாங்குகுழாயை அறிமுகப்படுத்தினார்.

இவை எதுவும் முடிவான வெற்றியன்று. சுருக்கம் திரும்ப வருவதுண்டு. தாங்குகுழாயின் முனைகளில் சதை வளர்வதுண்டு. குருத்தெலும்பு நொறுங்கியவருக்கு இன்றும் அறுவையே கைகொடுக்கிறது. ஆயினும் இவ்வரலாறு கற்பிக்கும் பாடம் ஒன்றே: எதைத் தொடாமல் விடுகிறோம் என்பதும் சிகிச்சைதான்.

2020இல் கொரோனா மீண்டும் பல்லாயிரவரைச் சுவாசக் கருவியில் கிடத்தியது. அவர்களுள் சிலர் இதே சுருக்கத்துடன் திரும்பினர். உறையின் அழுத்தத்தை அளந்து 20 முதல் 30 சென்டிமீட்டர் நீரளவுக்குள் வைத்திருக்கும் செவிலியரின் பெயர் எந்த வரலாற்றிலும் இடம்பெறுவதில்லை. வடு உருவாகாமலே தடுப்பவர் அவர்தாம்.