பேய்க்குக் குரல் கொடுத்தவர்

வேலூர் சத்துவாச்சாரி ஹவுசிங் போர்டில் என் பக்கத்து வீட்டு அக்கா ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைப்பவர். காலையில் கம்பெனி வண்டி ஏறினால் திரும்ப இருட்டிவிடும். டிவி பார்க்க ஞாயிறு ஒன்றுதான். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை ‘சந்திரமுகி’ ஓடிக்கொண்டிருந்தது. ஜோதிகா கண்ணை உருட்டித் தெலுங்கில் பேசத் தொடங்கியதும் அக்கா கேட்டார்: “தெலுங்கு பேசினா பேயா தம்பி? எங்க சூப்பர்வைசரு தெனம் தெலுங்குலதான் திட்டிக்கினு கீறாரு. அவருக்கு இன்னா புடிச்சிக்கீது?”

சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். கேள்வி மட்டும் கூடவே வந்தது. 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகும்வரை எங்கள் வட ஆற்காட்டுக்குத் தலைநகரமே அதுதான். காட்பாடி பஸ்ஸில் பாதிப்பேர் தெலுங்கு, ஆம்பூர் கடைத்தெருவில் உருது. வேற்றுமொழி கேட்டு நடுங்குகிற ஊர் இது அல்ல. அப்படியானால் இந்தப் பேய்க்குத் தெலுங்கு எங்கிருந்து வந்தது?

முதல் தடயம் சுலபமாகக் கிடைத்தது. 2005 ஏப்ரல் 14 அன்று வெளியான பி. வாசுவின் படத்தில் சந்திரமுகி விஜயநகரத்து நடனக்காரி. ‘ரா ரா’ பாட்டு முழுக்கத் தெலுங்கு. இதே படம் தெலுங்குக்குப் போனபோது என்ன செய்தார்கள் என்று பார்த்தேன். அங்கே அவள் தமிழச்சி, ‘வாராய்’ என்று தமிழில் பாடுகிறாள்! ஆந்திராவில் தமிழ்ப் பேய், தமிழ்நாட்டில் தெலுங்குப் பேய். 2004இல் வாசுவே எடுத்த கன்னட ‘ஆப்தமித்ரா’விலும் பேய்க்குத் தெலுங்குதான். 2007இல் பிரியதர்ஷன் எடுத்த இந்தி வடிவத்தில் பேயான மஞ்சுளிகா வங்காளம் பேசினாள். பேய் எப்போதும் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆள்.

எல்லாவற்றுக்கும் தாய், ஃபாசில் 1993இல் எடுத்த ‘மணிச்சித்திரத்தாழ்’. மது முட்டம் கதை எழுதினார். அதில் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி. மலையாள வீட்டுப் பெண்ணான கங்காவின் வாயிலிருந்து தமிழ் வெடித்து வரும்போதுதான் தியேட்டர் உறைந்தது. நம் மொழி பக்கத்து மாநிலத்தில் பேய்மொழியாக இருந்திருக்கிறது. நாம் அதை வாங்கி ஆந்திராவுக்குத் தள்ளிவிட்டோம்.

இன்னும் பின்னால் போக முடியுமா? போனால் 1973 டிசம்பர் 26. வில்லியம் ஃப்ரீட்கினின் ‘தி எக்ஸார்சிஸ்ட்’ வெளியான நாள். அதில் ஒரு காட்சி: பாதிரியார் கராஸ், பேய் பிடித்த சிறுமியின் உளறலை டேப்பில் பதிந்து மொழி ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போகிறார். எந்த நாட்டு மொழி என்று குழம்புகிறார்கள். கடைசியில் அது தலைகீழாகப் பேசிய ஆங்கிலம். அந்தக் காட்சிக்கு அடியில் ஒரு பழைய காகிதம் இருக்கிறது. 1614இல் ரோமாபுரி வெளியிட்ட திருச்சடங்கு நூல், பேய் பிடித்ததற்கு அடையாளமாகச் சிலவற்றைச் சொல்கிறது. அவற்றில் ஒன்று, தெரியாத மொழியில் பேசுவதும் பிறர் பேசினால் புரிந்துகொள்வதும். மது முட்டம் அதைப் படித்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இரண்டு பேய்க்கும் எலும்பு ஒன்று.

சரி, ‘எக்ஸார்சிஸ்ட்’ உண்மைச் சம்பவம் என்கிறார்களே? வில்லியம் பீட்டர் பிளாட்டி 1971இல் எழுதிய நாவலுக்கு விதை, 1949இல் அமெரிக்காவில் ஒரு பையனுக்கு நடந்த பேயோட்டல். அன்றைய பத்திரிகைச் செய்தியும் ஏசு சபைப் பாதிரியார் ஒருவர் எழுதிய நாட்குறிப்பும் மிஞ்சியிருக்கின்றன. மார்க் ஒப்சாஸ்னிக் என்ற ஆய்வாளர் 1990களில் இந்த வழக்கை ஊர் ஊராகத் துருவினார். பேயோட்டலில் உதவிக்கு இருந்த பாதிரியார் ஹாலோரனையே பிடித்துக் கேட்டார். பையன் பேசிய லத்தீன்? காதில் விழுந்ததைத் திருப்பிச் சொன்னான் என்றே தனக்குத் தோன்றியதாக ஹாலோரன் சொன்னார். குரல்? அப்படி ஒன்றும் மாறவில்லையாம்.

இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். குரல் மாறியது வீட்டில் அல்ல, ஒலிப்பதிவுக் கூடத்தில்! அப்படியானால் அந்தக் குரல் யாருடையது?

அமெரிக்கப் பேயின் குரல் மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜ். வானொலி நாடகங்களில் பழகிய தொண்டை, துணை நடிகைக்கான ஆஸ்கர் ஏற்கெனவே வாங்கியவர். பச்சை முட்டை விழுங்கி, சிகரெட் ஊதி, விஸ்கி குடித்து, தன்னை நாற்காலியில் கட்டிவைக்கச் சொல்லி அந்தக் கரகரப்பைக் கொண்டுவந்தார். முதலில் வந்த பிரதிகளில் அவர் பெயரே இல்லை. நடிகர் சங்கம்வரை போய்ச் சண்டை போட்ட பிறகுதான் டைட்டிலில் ஏறியது. சிறுமியாக நடித்த லிண்டா பிளேருக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. குரல் விவகாரம் வெளியானதும் பேச்சு திரும்பியது. விருது வேறொரு சிறுமிக்குப் போனது.

நாகவல்லிக்கு வருவோம். கங்காவாக நடித்த ஷோபனாவுக்கு ‘மணிச்சித்திரத்தாழ்’ தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. கங்காவுக்கும் நாகவல்லிக்கும் குரல் டப்பிங் கலைஞர் பாக்யலட்சுமி என்றே ஊர் நம்பியது. இருபது ஆண்டுக்கும் மேல் கழித்து ஃபாசிலே எழுதினார்: முதலில் இரண்டுக்கும் பாக்யலட்சுமிதான் பேசினார், ஆனால் மலையாளக் குரலும் தமிழ்க் குரலும் ஒன்றுபோல் ஒலித்ததால், நாகவல்லிக்குத் தமிழ் டப்பிங் கலைஞர் துர்காவைப் பேசவைத்தோம். பாக்யலட்சுமியிடம் இதைச் சொல்ல மறந்துவிட்டாராம்.

மொழி மாறினால் தொண்டை மாற வேண்டியிருக்கிறது. மாறிய தொண்டைக்காரி காணாமல் போகிறாள். இரண்டு கண்டங்களிலும் நடந்தது இதுதான்.

அக்காவிடம் இதைச் சொன்னபோது, “நாங்க தைக்கிற ஷூவுல எங்க பேரா போடறாங்க?” என்று கேட்டுவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

எனக்கு இதில் உறுத்துவது வேறு. நம் ஊர்ப் பேயோட்டுதலில் முதல் கேள்வியே பெயர்தான். பம்பை, உடுக்கை முழக்கம் ஏறியதும் பூசாரி கேட்பார்: நீ யாரு, எந்த ஊரு, எதுக்கு வந்தே? தென்னாற்காட்டுச் சடங்குகளைப் பார்த்து ஆய்வாளர் இசபெல் நபோகோவ் 2000இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாகக் காணலாம். பெரும்பாலும் அற்பாயுசில் செத்த இளைஞர்கள், காதல் முறிந்து தற்கொலை செய்தவர்கள், புதிதாகக் கல்யாணமான பெண்ணைப் பிடிக்கிறார்கள். பெயரும் குறையும் சொல்லாமல் எந்தப் பேயும் இறங்குவதில்லை. அதன் பிறகுதான் முடிக்கற்றையைப் பிடுங்கிப் புளியமரத்தில் ஆணி அடிப்பது. ரோமாபுரி நூலும் பெயர் கேட்கச் சொல்கிறதுதான், ஆனால் அது கட்டளையிட. நம்மவர் கேட்பது குறை கேட்க. பிளாட்டியின் பேய் டேப்பில் தன்னை யாருமில்லை என்று சொல்லிக்கொள்கிறது. நம் பேய்க்கு ஊர், தெரு, காதலன் எல்லாம் உண்டு. 1978இல் பேபி இயக்கிய மலையாள ‘லிசா’விலேயே புகுவது சாத்தான் அல்ல, செத்துப்போன ஒரு பெண். 1987இல் தமிழில் ‘மை டியர் லிசா’வும் வந்தது.

பேயிடம் இவ்வளவு கரிசனமாகப் பெயர் கேட்ட நாம், அதற்குப் பேசிய பெண்ணிடம் கேட்கவில்லை.

இந்த இரண்டு பேய்களின் தொடர்ச்சிப் படங்களையும் ஒரே மூச்சில் பார்த்து முடித்தேன். ‘எக்ஸார்சிஸ்ட்’ வரிசையில் ஜான் பூர்மனின் 1977 படம் ஒரு விபத்து. 1990இல் பிளாட்டியே இயக்கிய மூன்றாவது மட்டும் நின்று பார்க்க வேண்டியது. 2004இலும் 2005இலும் ஒரே முன்கதையை இரண்டு இயக்குநர்கள் இரண்டு தடவை எடுத்தார்கள். நம் பக்கம் 2010இல் கன்னடத்தில் ‘ஆப்தரக்ஷகா’, தெலுங்கில் ‘நாகவல்லி’. 2023 செப்டம்பர் 28இல் ‘சந்திரமுகி 2’ வந்தது, எட்டு நாள் கழித்து ‘தி எக்ஸார்சிஸ்ட்: பிலீவர்’. ஃப்ரீட்கின் அந்த ஆகஸ்டில்தான் இறந்திருந்தார். இவற்றில் பெரும்பாலானவை முதல் படத்தின் பெயரில் வட்டி வசூலிக்க வந்தவை.

பேய்களுக்குப் பேசிய டப்பிங் கலைஞர்களின் பெயர்கள் கிடைப்பது டைட்டில் அட்டையில், பழைய நோட்டீஸில், தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தில். டிவியில் போடும்போது டைட்டிலை வெட்டிவிடுகிறார்கள். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது 1980களின் பேய்ப்படப் பாட்டுப் புத்தகமோ நோட்டீஸோ இருந்தால், பழைய பேப்பர்க்காரரிடம் எடை போட்டுவிடாதீர்கள். ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், ‘மை டியர் லிசா’வாக இருந்தால் முதல் வேலையாக.