மூக்கைத் தந்தவன் பெயர் என்ன?

அறுபட்ட மூக்கு மீண்டும் முளைக்குமா? முளைத்தது! வேண்டுதலால் அன்று, மெழுகும் சவரக்கத்தியும் காசுக்கட்டியும் கொண்டு மனிதன் செய்த வேலை அது.

1792-இல் முடிந்த மைசூர்ப் போரில், ஆங்கிலப் படைக்கு மாடு ஓட்டிய காவஸ்ஜி என்னும் மராத்தியன் திப்புவின் படையிடம் சிக்கினான். மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டன. ஏறத்தாழ ஓராண்டு மூக்கின்றி வாழ்ந்தவனுக்குப் பூனாவுக்கு அருகே, செங்கல் அறுக்கும் குலத்தான் ஒருவன் புது மூக்கு அமைத்தான்.

மெழுகால் மூக்கு செய்து பொருத்திப் பார்த்தான். அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு வரைந்தான். கோட்டின் வழியே தோலை உரித்தான். புருவங்களின் நடுவே ஒரு சிறு பகுதியை மட்டும் அறுக்காது விட்டான். குருதி ஓட அதுவே பாலம்! பழைய தழும்பைச் சீவி, தோலைத் திருப்பிக் கீழிறக்கி, விளிம்பிலே செருகினான். காசுக்கட்டிக் குழம்பு தடவிய துணிகள் அதை ஒட்டிப் பிடித்தன. ஏறத்தாழ 25-ஆம் நாள் பாலம் அறுக்கப்பட்டது.

1794 அக்டோபரில் இலண்டன் 'ஜென்டில்மன்ஸ் மேகசின்' இதனை வெளியிட்டது. 1814-இல் ஜோசப் கார்ப்யூ அம்முறையை இலண்டனில் செய்து வென்றார், 1816-இல் நூலாக்கினார். நெற்றித் தோல் முறை இன்றும் அறுவைக் கூடங்களில் வாழ்கிறது.

"சுசுருதர் அன்றே சொன்னார்" என மார்தட்டுவோர் உளர். இலையால் அளவெடுத்துக் கன்னத் தோலால் மூக்கமைக்கும் முறை அந்நூலில் உண்டு. பிணத்தை ஆராய்ந்து உடற்கூறு அறிக என்னும் அறிவுரையும் உண்டு. நாம் மறுக்கவில்லை. நாம் கேட்பது வேறு: ஏடு ஓரிடத்திருக்க, கத்தி ஏன் செங்கற்சூளைக்குப் போயிற்று?

மருத்துவன் இட்ட சோறு தீட்டென்றது மனுநூல். புண்ணைத் தொட்டவன் தாழ்ந்தான், தொடாதவன் உயர்ந்தான். படித்தவன் கத்தியைத் தொடவில்லை. கத்தியைத் தொட்டவனைப் படிக்க விடவில்லை. எனவே கைத்திறன் கையோடு நின்றது. எழுதி வைக்கவும், ஐயுறவும், திருத்தவும் வழியின்றிப் போயிற்று. இலண்டனிலோ அது அச்சேறியது, வளர்ந்தது.

மூக்கிழந்தவன் பெயர் அந்த இதழில் உண்டு. மூக்கு தந்தவன் பெயர் இல்லை; அவன் சாதி மட்டுமே இருக்கிறது! ஒரு மேதையை அடையாளங்காட்டச் சாதி போதும் என்று எண்ணிய காலம் அது.

தோழர்களே, பழம்பெருமை பேசுவது எளிது. ஏடு பிடித்த கையும் கத்தி பிடித்த கையும் ஒரே கையாக வேண்டும். அதற்குச் சாதி ஒழிய வேண்டும். அந்தப் பெயரற்ற மருத்துவனுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே!